சீல் வைத்த விதிகள்

கல்லூரியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வெப்சைட் மேடம்' என்பார்கள். சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால், அம்பை ரோட்டை ஒட்டி இருக்கிற சின்ன ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் வயல், வயல் முடிகிற இடத்தில் ஆறு. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கணிப்பொறிப் பாடம் எடுப்பது பாதி வேலை, கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது மீதி வேலை. முதல் வேலையைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை இருந்ததில்லை. இரண்டாவதைப் பற்றி இருந்தது, கொஞ்சநஞ்சமல்ல.

பெருமைக்குக் காரணம் எங்கள் அறிவிப்புகள். எங்கள் அலுவலகத்தில் அறிவிப்பு வெளியிடுவது ஒரு சடங்கு. சூப்பிரண்டு அண்ணாச்சி அதைக் கணிப்பொறியில் அடித்து, தாளில் எடுத்து, முதல்வர் அறைக்குக் கொண்டுபோவார். முதல்வர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அண்ணாச்சி தன் மேஜை டிராயரைச் சாவி போட்டுத் திறப்பார், வட்ட சீலை வெளியே எடுப்பார், வாயால் ஒரு தடவை ஊதுவார், மைப்பெட்டியில் ஒற்றி, கையெழுத்தின் வால் மேல் பட்டும் படாமலும் இறக்குவார். அதற்குப் பிறகுதான் அது அறிவிப்பு. அதுவரைக்கும் வெறும் தாள்.

சீல் வைத்த தாள் என்னிடம் வரும். நான் அதை ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றுவேன். மற்ற இடங்களில் ஏற்றுவதெல்லாம் கோணல்மாணலாக, ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் தெரிய இருக்கும். என் கை பட்டது அப்படி இருக்காது. நேராக்கி, ஓரம் வெட்டி, தாளின் மஞ்சளை நீக்கி, அழுக்குப் புள்ளிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்து, பால் போல வெள்ளையாக ஏற்றுவேன். முதல்வரே ஒரு கூட்டத்தில் அதைப் பாராட்டியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சேர்க்கை நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு நாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். நான் எதையோ அவசரமாக அடித்துக்கொண்டிருந்தேன்.

"சர்டிபிகேட் சரிபார்க்க வந்திருக்கேன் மேடம்."

"அது முந்தாநாளே முடிஞ்சிட்டேம்மா. லிஸ்ட்டும் போட்டாச்சு."

"இன்னைக்குன்னுதான போட்டிருந்தீய?"

"தேதி மாத்தினத வெப்சைட்ல போட்டிருந்தோம்லா. பாக்கலியா?"

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பெண். தலையில் முக்காடு, தோளில் சான்றிதழ்ப் பை, கையில் மடக்கிப் பிடித்த வெள்ளைக் கோல். வாசலுக்கு வெளியே அவளுடைய வாப்பா செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்காமல் பேசுகிற பழக்கம் எனக்கு இருந்தது. அன்றைக்கு அது என் கன்னத்தில் அறைந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க சாச்சி மவதான் வாசிச்சுச் சொன்னா மேடம். இன்னைக்குத் தேதியத்தான் சொன்னா. அவகிட்ட கேக்கதுக்கு முன்னாடி நானே ஃபோன வாசிக்கவிட்டுக் கேட்டேன். ஒண்ணும் வெளங்கல. இந்தாங்க, நீங்களே கேளுங்க."

போனை மேஜையில் வைத்து எங்கள் இணையதளத்தைத் திறந்தாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் செயலி ஒன்று அதில் இருந்தது. ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், குரலைக் கேட்டதில்லை. அவள் விரலை நகர்த்த நகர்த்த அந்தக் குரல் என் இணையதளத்தைப் படித்தது. "படம். ஸ்கேன் சீரோ சீரோ ஃபோர் ஃபைவ். படம். ஸ்கேன் சீரோ சீரோ ஃபோர் சிக்ஸ். படம். ஸ்கேன் சீரோ சீரோ ஃபோர் செவன்." அவ்வளவுதான். நான் பால் போலத் துடைத்து ஏற்றிய அத்தனை அறிவிப்பும் அதன் காதில் வெறும் எண்.

சரி, பார்வையுள்ள அந்தச் சித்தி மகள் ஏன் தேதியைத் தப்பாகச் சொன்னாள்? அறிவிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணாச்சி அடித்த தேதி கறுப்பில் பளிச்சென்று இருந்தது. கடைசி நேரத்தில் முதல்வர் அதைப் பச்சை மையால் கோடிட்டு அடித்து, மேலே புதுத் தேதியை எழுதியிருந்தார். தாளில் அது நன்றாகத் தெரிந்தது. என் ஸ்கேனில் தெரியவில்லை. தாளை வெள்ளையாக்குகிறேன் என்று நான் அழுத்திய பொத்தான் பச்சை மையையும் வெளுத்துவிட்டது. உற்றுப் பார்த்தால் நூல் மாதிரி ஒரு கோடு, அவ்வளவே. நான் அழுக்கைத் துடைத்த கையோடு திருத்தத்தையும் துடைத்திருக்கிறேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு முதல்வரிடம் ஓடினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நல்ல மனிதர், இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்தார். பட்டியல் மேலே போய்விட்டது, இடம் நிரம்பிவிட்டது, இனி அடுத்த வருஷம்தான். ஒரு வருஷம். வரலாற்றில் எம்.ஏ. முடித்து, டீச்சராக வேண்டும் என்று மேலப்பாளையத்திலிருந்து வந்தவளுக்கு ஒரு வருஷத்தை நான் துடைத்துவிட்டேன்.

வாசல் வரை கூடவே போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கோலை விரித்தபடி சொன்னாள்: "ஒரு ஆஸ்பத்திரில ஃபோன் எடுக்குற வேலைக்கு ரெண்டு வருஷமா கூப்புட்டுக்கிட்டு இருக்காவ மேடம். வாப்பா போவச் சொல்லுதாவ. நான்தான் டீச்சர், டீச்சர்னு நிக்கேன். அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கேன். அதுவும் தப்பிட்டுன்னா அங்கனயே போயிருவேன். ஆனா ஒண்ணு. அடுத்த தடவ அப்ளிகேஷன நானே போடணும். ஆரும் பக்கத்துல இருந்து வாசிச்சுச் சொல்லக் கூடாது."

"சரிம்மா. நீயே போடுற மாதிரி செஞ்சுருதேன்" என்றேன். சொல்லும்போது அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் மென்று விழுங்கியிருப்பேன். தெரியாமல் இருந்ததற்காக இப்போது சந்தோஷப்படுகிறேன்.

குற்ற உணர்ச்சி பிடித்த வாத்தியார் என்ன செய்வார்? புத்தகத்தைத் திறப்பார். நானும் அதைத்தான் செய்தேன். உலகம் முழுக்கப் பயன்படுகிற விதிமுறைகளை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் கல்லூரிக்கும் அதே அறக்கட்டளை நடத்துகிற இரண்டு பள்ளிகளுக்கும் சேர்த்து, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பது எப்படி என்று தமிழில் ஒரு வழிகாட்டி எழுத உட்கார்ந்தேன். மூன்று மாதம் ஆயிற்று. நாற்பது பக்கம் வந்தது. 'உணரத்தக்கதாதல்', 'இயக்கத்தக்கதாதல்' என்று ஒவ்வொரு தலைப்பையும் பார்த்தால் கும்பிடத் தோன்றும். படித்தால் எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. அறக்கட்டளைக் கூட்டத்தில் வைத்தேன். யாரும் படிக்காததால் யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து நடைமுறை என்று முடிவெடுத்து, கல்லூரி இணையதளத்தில் வெளியிடச் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. என் எண்ணை அவளிடம் கொடுத்துவைத்திருந்தேன். இதற்குள் நான் மேடத்திலிருந்து அக்காவாகியிருந்தேன்.

"அக்கா, எங்கள மாதிரி ஆளுங்களுக்காக என்னமோ புதுசாப் போட்டிருக்கீயளாம்."

"ஆமாம்மா. படிச்சியா?"

"படிக்கத்தான் பாத்தேன். நாப்பது படம் வந்திருக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. நான் எழுதியதை அண்ணாச்சி தாளில் எடுத்தார். முதல்வர் நாற்பது பக்கத்திலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி நாற்பது தடவை ஊதி நாற்பது சீல் வைத்தார். தாள்கள் என் மேஜைக்கு வந்தன. நான் அவற்றை நேராக்கி, ஓரம் வெட்டி, ஸ்கேன் செய்து ஏற்றினேன். 'எழுத்துகளைப் படமாக வெளியிடக் கூடாது' என்ற மூன்றாம் விதியையும் சேர்த்துத்தான் படமாக ஏற்றினேன். கை தானாகச் செய்துவிட்டது.

போனில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அது முழுக்கச் சிரிப்பினால் வந்த தண்ணீர் என்று சொல்ல மாட்டேன்.

"ஏம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை இங்கன வர முடியுமா?" என்று கேட்டேன். "நான் உக்காந்து எழுதினது சரிப்படல. நீ பயன்படுத்து, நான் பக்கத்துல இருந்து பாக்கேன். சும்மா வரச் சொல்லல, காலேஜ்ல இருந்து சம்பளம் வாங்கித் தாரேன்."

"சம்பளம் இருக்கட்டுங்க்கா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் வேல பாக்கும்போது மௌஸ ஆரும் தொடக் கூடாது."

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது முதல் சனிக்கிழமையே தெரிந்தது. பாபநாசம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மடிக்கணினியைத் திறந்தவுடன் திரையின் வெளிச்சத்தை முழுவதும் அணைத்துவிட்டாள். கறுப்புத் திரைக்கு முன்னால் ஸ்கிரீன் ரீடர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு விசைப்பலகையிலேயே எல்லாம் செய்தாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலில் வருகிற அண்ணாச்சிக்கு சனிக்கிழமையில் வேலை குறைவு. எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிஷம்தான் பொறுத்தார்.

"அங்கன இல்லம்மா, வலது பக்கம் கீழ இருக்கு, இரு, நான் அழுத்துதேன்" என்று மௌஸை எடுத்துவிட்டார்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க அழுத்திட்டீய அண்ணாச்சி. வீட்டுல எனக்கு ஆரு அழுத்துவா?"

எங்கள் ஊரில் உதவி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கும் முன்னால் நாலு கை வந்துவிடும். பஸ்ஸில் பையை வாங்கிக்கொள்வார்கள், தெரு கடக்க நின்றால் கையைப் பிடித்துவிடுவார்கள், நாம் கடக்க வேண்டுமா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அந்தப் பிரியத்தை நான் குறை சொல்லவில்லை, அதில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அன்றைக்கு அண்ணாச்சியும் நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா. அவள் ஒரு பக்கத்தில் இருபது நிமிஷம் சுற்றிச் சுற்றி வருவாள். பொத்தான் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும். வாயைத் திறக்கக் கூடாது. அவள் மாட்டிக்கொள்கிற இடம் எதுவோ அதைக் குறித்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை. அந்தக் குறிப்புகளிலிருந்துதான் புது விதிகள் வந்தன.

ஒரு தடவை இணைப்புகளை மட்டும் வரிசையாக வாசிக்கவிட்டாள். "இங்கே அழுத்தவும். இங்கே அழுத்தவும். இங்கே அழுத்தவும்." எங்கள் முகப்புப் பக்கத்தில் இருபத்திரண்டு 'இங்கே' இருந்தது. அண்ணாச்சி எண்ணிப் பார்த்துவிட்டு, "இங்கனன்னா எங்கன? நமக்கே தெரியலியே" என்றார். விண்ணப்பத்தில் 'சிவப்பில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும்' என்று இருந்தது. சிவப்பு எது என்று அவளுக்கு யார் சொல்வது? படத்தில் கோணலாகத் தெரிகிற எழுத்துகளைப் பார்த்து அடித்தால்தான் உள்ளே விடுவேன் என்று ஒரு பூட்டு இருந்தது. ரோபோக்களைத் தடுக்க நான் வைத்தது. எந்த ரோபோ பி.எட். படிக்க எங்கள் ஊருக்கு வரப்போகிறது என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பத்து நிமிஷம் விசையைத் தொடாமல் இருந்தால் விண்ணப்பம் தானாக மூடிக்கொள்ளும். அவள் அடித்தது அத்தனையும் போய்விடும். மூன்று சனிக்கிழமை அவள் அந்தப் பத்து நிமிஷத்தில் தோற்றாள். தோற்கவைத்தது நான். ஒரு தடவைகூட அவள் சலித்துக்கொள்ளவில்லை. "மறுபடி மொதல்ல இருந்தாக்கா?" என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்விதான் எனக்குச் சாட்டை.

அவளுக்காக ஆரம்பித்தது அவளோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை தையல்காரர் ஒருவர் மகளுடைய சேர்க்கை பற்றிக் கேட்க வந்தார். காது கேளாதவர். ஒரு தாளை நீட்டினார். எங்கள் இணையதளத்தில் 'மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்' என்று இருந்ததை அப்படியே எழுதி, அதன் கீழே 'அழைத்தால் எனக்குக் கேட்காது' என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அன்றைக்கே எழுத்தில் கேட்க ஒரு எண்ணும், பதில் எழுத ஒரு ஆளும் ஏற்பாடாயிற்று. முதல்வரின் வரவேற்பு வீடியோவுக்குக் கீழே எழுத்து ஏறியது.

நாற்பது பக்கம் பதினொரு கேள்வியாகச் சுருங்கியது. 'திரையை அணைத்துவிட்டு இந்த வேலையை முடிக்க முடியுமா?' 'மௌஸ் இல்லாமல் முடிக்க முடியுமா?' 'சத்தம் இல்லாமல் முடிக்க முடியுமா?' 'நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியுமா?' இப்படி. எந்தப் பள்ளியில் யார் பக்கம் செய்தாலும், இந்தக் கேள்விகளுக்குத் தானே செய்துபார்த்து 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கேள்விகூட நான் யோசித்தது இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சனிக்கிழமை.

ஆனால் பதினொன்றையும் முடித்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. சீல்.

"எல்லாம் சரிதாம்மா" என்றார் அண்ணாச்சி. "ஆனா சீல் இல்லாத அறிவிப்ப எவன் நம்புவான்? நாளைக்கி எவனாவது பொய்யா ஒண்ணு அடிச்சு விட்டான்னா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன், அவள் "அண்ணாச்சி, அந்த சீலக் கொஞ்சம் தாங்களேன்" என்றாள். அண்ணாச்சி முதல்வரிடம்கூட அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. தயங்கித் தயங்கிக் கையில் வைத்தார். அவள் கட்டைவிரலால் ரப்பர் வட்டத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். விரலெல்லாம் ஊதா மை.

"இது என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"இது நம்ம காலேஜ் சொல்லுறதுதான், சத்தியம்னு சொல்லுது."

"அத எனக்கும் சொல்லுமா?"

அண்ணாச்சி சீலை வாங்கித் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் ரயிலிலிருந்து இறங்கி நேராக என் மேஜைக்கு வந்தார். "நான் அடிக்கிற எழுத்து என் கம்ப்யூட்டர்லயே கெடக்கு. அதத் தாளாக்கி, தாளப் படமாக்கி, அந்தப் பிள்ளைக்குப் படிக்க முடியாம ஆக்கிருக்கோம். நாம என்னம்மா செஞ்சிட்டிருந்தோம் இத்தன வருஷமா?" என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். தாளில் சீல் வைத்து ஃபைலில் போட்டுக்கொள்வோம், அது நமக்கு. இணையதளத்தில் அடித்த எழுத்தே போகட்டும். கடைசி வரியாக, 'இந்த அறிவிப்பு முதல்வர் கையெழுத்துடனும் கல்லூரி முத்திரையுடனும் அலுவலகத்தில் உள்ளது. சந்தேகம் இருந்தால் கேட்கலாம்' என்று ஒன்று சேர்ப்போம். தேதி மாறினால் தாளில் கிறுக்கக் கூடாது, முழுக்கப் புதிதாக அடித்து மேலே 'திருத்தம்' என்று போட வேண்டும். அதுதான் பன்னிரண்டாவது விதி. அதை எழுதியது அண்ணாச்சி.

மறு வருஷம் சேர்க்கை தொடங்கிய நாள். காலை பத்து மணிக்கு விண்ணப்பம் திறந்தது. முந்தின நாளே அவள் சொல்லிவிட்டாள், "நான் வீட்டுல இருந்து போடுதேன். நீங்க ஃபோன் பண்ணக் கூடாது, அக்கா."

என் கணிப்பொறியில், வந்து சேர்கிற விண்ணப்பங்களும் பாதியில் நிற்கிற விண்ணப்பங்களும் தெரியும். பத்தரைக்கு அவளுடையது தொடங்கியது. ஐந்து பக்கங்களில் முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். பதினொன்றே முக்காலுக்கு நான்காம் பக்கத்துக்கு வந்தது. அங்கே புகைப்படம் ஏற்ற வேண்டும். முகம் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று வார்த்தையில் சொல்லும்படி செய்திருந்தோம். பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. நான்காம் பக்கத்திலேயே நின்றது. ஒரு மணி. அசையவில்லை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கே தப்பு? முகத்தைப் பற்றித் தப்பாகச் சொல்கிறதா? கோப்பு ஏறவில்லையா? திரும்பவும் அந்தப் பிள்ளையை முதலிலிருந்து தொடங்கவைத்துவிட்டேனா? இந்தத் தடவையும் தப்பினால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்கப் போய்விடுவாள். சனிக்கிழமைச் சோதனைகளுக்காக அவள் கொடுத்த புகைப்படம் என்னிடமே இருந்தது. உள்ளே போய் நானே ஏற்றிவிட்டால் அரை நிமிஷ வேலை. அவளுக்குத் தெரியவே போவதில்லை. மௌஸைப் பிடித்துவிட்டேன்.

பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கையில் எனக்கும் சேர்த்து டீ. "மௌஸ ஆரும் தொடக் கூடாதுன்னு விதி போட்டது ஆரும்மா?" என்றார்.

கையை எடுத்தேன். டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஐந்தாம் பக்கம் வந்தது. இரண்டு பத்துக்கு, 'சமர்ப்பிக்கப்பட்டது'. அண்ணாச்சி என் மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டீ டம்ளர் உருண்டது.

இப்போது போன் செய்யலாம் என்று செய்தேன். "நாலாம் பக்கத்துல என்னம்மா ஆச்சு? போட்டோ ஏறலியா? எந்த இடத்துல மாட்டுன?"

"ஒண்ணும் மாட்டலியேக்கா. போட்டோ மொத தடவையே ஏறிட்டு. பாங்கு சொல்லிட்டாவ, லுஹர் தொழுதேன். உம்மா சோறு போட்டுட்டு கூப்புட்டா, தின்னேன். கொஞ்ச நேரம் படுத்தேன். வந்து பாத்தேன், வெச்சது வெச்ச மாதிரி அப்படியே இருந்துச்சு. அனுப்பிட்டேன். ஏன்க்கா, எதும் அவசரமா?"

அவசரம் ஒன்றும் இல்லை என்றேன். போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் தொழுதாள், சாப்பிட்டாள், தூங்கினாள், அந்த விண்ணப்பம் அவளுக்காகக் காத்திருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் இதுதான் உருப்படியானது. அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தவளே அதைப் பயன்படுத்திக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தாள் என்பதில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அழைப்புப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேதி போட்டோம். சொல்லிவைத்தாற்போல அந்த வருஷமும் அது இரண்டு நாள் முன்னால் வந்தது. முதல்வர் பழைய பழக்கத்தில் பச்சைப் பேனாவைத் திறந்தார். அண்ணாச்சி தாளை அவர் கையிலிருந்து பைய உருவிக்கொண்டு வந்து, புதிதாக அடித்தார். மேலே 'திருத்தம்'. நான் அதை எழுத்தாகவே ஏற்றினேன். அவளுக்குப் போன் செய்து சொல்லிவிடலாமா என்று அன்றைக்கு முழுக்க மனது கிடந்து அடித்துக்கொண்டது. செய்யவில்லை. ஊரில் மற்ற பிள்ளைகளுக்கு யார் போன் செய்கிறார்கள்?

மாறிய தேதியன்று காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பார்த்தேன். கல்லூரி கேட் இன்னும் திறக்கவில்லை. அவள் முதல் ஆளாக வெளியே நின்றுகொண்டிருந்தாள். வாப்பா இல்லை, சாச்சி மகள் இல்லை. தோளில் பை, கையில் கோல்.

"தேதி மாறினது தெரிஞ்சிட்டா?" என்று கேட்டேன்.

"வெப்சைட்ல போட்டிருந்தீயள்லாக்கா" என்றாள், இதில் என்ன கேள்வி என்பது போல.

முந்தின வருஷம் நான் தலையைக் குனிந்துகொண்டு அவள் மேல் எறிந்த வார்த்தை அது. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லோரும் சொல்வது போலத்தான் சொன்னாள். அப்படிச் சொல்ல முடிந்ததே, அதற்காகத்தான் நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பத்து மணிக்குச் சான்றிதழ்களைச் சரிபார்த்து முடித்தோம். முதல்வர் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி டிராயரைத் திறந்தார். சாவி திரும்புகிற சத்தத்திலேயே அவள் தலையை நிமிர்த்தினாள். அவர் ஊதினார், ஒற்றினார், இறக்கினார்.

"சீல் வச்சாச்சா அண்ணாச்சி?"

"வச்சாச்சு தாயி" என்று தாளை அவள் கையில் கொடுத்தார். "மை இன்னும் காயல. பையப் பைய மடக்கு."